வழக்கும் இலக்கணமும்: பயன்பாட்டுநிலை மொழியியலின் வளர்ச்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலக்கணம் மொழிப் பயன்பாட்டுக்கு முற்பட்டதோ, அன்றிப் பயன்பாட்டின் விளைவோ என்னும் வினா இருபதாம் நூற்றாண்டு மொழியியலை ஊடறுத்துச் செல்லும் வினாக்களுள் ஒன்றாகும். மனிதர் பேசத் தொடங்குமுன்னரே விதிகளின் தொகுதியொன்று அவர்தம் உள்ளத்திலே அமைந்து கிடக்கிறது என்றும், பேச்சு அவ்விதிகளின் நிறைவற்ற வெளிப்பாடு மாத்திரமே என்றும் ஒரு சாரார் கொள்வர். மனிதர் ஒருவரோடொருவர் பேசிப் பேசியே விதிகளை ஆக்கினர், இன்றும் ஆக்கிக்கொண்டிருக்கின்றனர் என மற்றொரு சாரார் வாதிடுவர். இவ்விரண்டாவது நிலைப்பாடு எவ்வாறு தோன்றியது, எங்கெங்கே தடைப்பட்டது, செயற்பாட்டு இலக்கணம், கட்டமைப்பு இலக்கணம் என்னும் இரு போக்குகளாக எவ்வாறு உருப்பெற்றது என்பவற்றையே இக்கட்டுரையில் நோக்க விரும்புகிறோம்.

தமிழிலக்கண மரபை அறிந்தோருக்கு இவ்வினா முற்றிலும் புதியதன்று. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம், வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்தே நூலாசிரியர் இலக்கணங் கண்டார் என்று கூறும். பயன்பாட்டை முதலாகக் கொண்டு விதியைப் பின்னர் நிறுத்தும் முறை இது. ஆயின் அதே நூலின் மரபியல், வழக்கென்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என வரையறுத்துவிடுகிறது. முதலிற் கூறியது ஆய்வுமுறை. இரண்டாவது சமூகத் தீர்ப்பு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இழுபறி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேறு பெயர்களோடு நிகழ்ந்ததை நாம் காணப்போகிறோம்.

நவீன மொழியியலின் தொடக்கத்தைச் சொஸ்யூரிடம் காண்பது வழக்கம். அவருக்கு முன்னரே, 1880 ஆம் ஆண்டில், ஹேர்மன் பவுல் என்னும் ஜேர்மானிய அறிஞர் மொழி வரலாற்றின் கோட்பாடுகள் பற்றி எழுதிய நூலில், தனி மனிதர் கேட்ட தொடர்களைக் கொண்டு ஒப்புமை முறையாற் புதிய தொடர்களை ஆக்கும் செயலே மொழிமாற்றத்தின் ஊற்று என விளக்கியிருந்தார். இன்று பயன்பாட்டுநிலை மொழியியலாளர் கூறுவனவற்றுட் பல பவுலிடம் வித்தாகக் காணப்படுகின்றன. ஆனால் 1916 இல், சொஸ்யூர் இறந்து மூன்றாண்டுகளின் பின், அவருடைய விரிவுரைகளைப் பாலி, செஷஹே என்னும் இருவர் தொகுத்து வெளியிட்டபோது, மொழியியலின் திசையே மாறியது. சொஸ்யூர் மொழி அமைப்பையும் பேச்சையும் வேறு பிரித்தார். சதுரங்க ஆட்டத்தின் விதிகளை அறிதற்குக் காய்கள் தந்தத்தாற் செய்யப்பட்டனவா மரத்தாற் செய்யப்பட்டனவா என்று ஆராய வேண்டியதில்லை. அது போலவே மொழியின் அமைப்பை அறிதற்கு அதை யார், எங்கே, ஏன் பேசினர் என்று கேட்க வேண்டியதில்லை. மொழியமைப்பு சமூகத்துக்குரியது என்று அவர் அழுத்திக் கூறினார். எனினும் அச்சமூகத்தின் உள்ளே வர்க்கங்களும் சாதிகளும் முரண்பாடுகளும் இருப்பதாக அவரது கோட்பாட்டில் எங்கும் தெரிவதில்லை. இது கவனித்தற்குரியது.

இக்குறையை முதன்முதற் கூர்மையாகச் சுட்டிய நூல் லெனின்கிராட் நகரில் 1929 இல் வெளிவந்தது. வொலொஷினொவ் எழுதிய மார்க்சியமும் மொழித் தத்துவமும் என்னும் அந்நூல், சொஸ்யூரின் நெறியை அருவப் புறவயவாதம் என்று பெயரிட்டு விமர்சித்தது. வழக்கிழந்த மொழிகளின் ஏடுகளைப் படித்துப் பழகிய அறிஞர்கள், உயிருள்ள மொழியையும் ஏட்டு மொழியைப் போலவே கண்டுவிட்டனர் என்பது வொலொஷினொவின் குற்றச்சாட்டு. பேசுவோன் ஒருவனுக்கு மொழி என்பது மாறாத குறிகளின் பட்டியல் அன்று. குறித்ததொரு சூழலிலே குறித்த ஒருவனை நோக்கிச் சொல்லும் சொல்லே அவனுக்கு மொழி. ஒரே சொல்லைப் பல வர்க்கத்தினரும் ஆளுவதால் சொல்லுக்குள்ளேயே சமூக முரண்பாடு புகுந்துவிடுகிறது என்றும் அவர் எழுதினார். வொலொஷினொவ் 1936 இல் இறந்தார். அந்நூல் 1973 இல் ஆங்கிலத்தில் வெளிவரும்வரை மேலைநாட்டு மொழியியலாளர் பெரும்பாலோர் அதனை அறிந்திலர். பயன்பாட்டை முதன்மைப்படுத்தும் இன்றைய நூல்களிற்கூட அவர் பெயர் அரிதாகவே காணப்படுகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் மற்றொரு வழியால் இதே முடிபை நோக்கி வந்தவர் மானிடவியலாளரான மலினோவ்ஸ்கி. அவர் முதலாம் உலகப் போர்க் காலத்திலே துரோபிரியாந்துத் தீவுகளில் வாழ்ந்து அம்மக்களின் மொழியைக் கற்றார். அவர்களது பேச்சைச் சொல்லுக்குச் சொல்லாக ஆங்கிலத்திற் பெயர்த்தபோது அது பொருளற்றதாயிற்று. தோணி செலுத்துவோர் ஒருவருக்கொருவர் கூறும் சொற்களை விளங்கிக்கொள்ளக் கடலும் தோணியும் அவர்களிடையிலான போட்டியும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. இதிலிருந்து அவர் சந்தர்ப்பச் சூழல் என்னும் கருத்தை வகுத்தார். 1923 இல் ஒக்டன், ரிச்சர்ட்ஸ் ஆகியோரின் நூலுக்குப் பின்னிணைப்பாக எழுதிய கட்டுரையில் மொழி செயலின் ஒரு முறை என்றும், சிந்தனையைப் பிரதிபலிக்கும் கருவி என்று மாத்திரம் அதைக் கொள்வது தவறு என்றும் வாதித்தார். செய்தி எதனையும் தெரிவியாது, உறவை மாத்திரம் பேணும் பேச்சுண்டு என அவர் அக்கட்டுரையிலேயே காட்டினார். யாழ்ப்பாணத்தில் ஒருவர் விடைபெறும்போது 'போட்டு வாறன்' என்று கூறுவதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். அவர் திரும்பி வருவார் என்பது அத்தொடரின் செய்தியன்று. 'போய்விட்டு' என்பது அத்தொடரிலே 'போட்டு' எனத் தேய்ந்திருப்பதும் தற்செயலானதன்று. நாள்தோறும் பன்முறை ஆளப்படும் தொடர்கள் அவ்வாறே தேயும். அதனைப் பின்னர் விளக்குவோம்.

மலினோவ்ஸ்கியின் கருத்தை மொழியியலுக்குள் கொணர்ந்தவர் பேர்த் ஆவார். இவர் 1919 முதல் 1928 வரை லாகூரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். பின்னர் 1944 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் பொதுமொழியியற் பேராசிரியரானார். தமிழோடு அவருக்குத் தொடர்புண்டு என்பதைப் பலர் அறியார். ஆடன் என்பார் எழுதிய தமிழிலக்கண நூலின் 1934 ஆம் ஆண்டுப் பதிப்பிலே தமிழ் உச்சரிப்புப் பற்றிய பேர்த்தின் சுருக்கக் குறிப்பு இணைக்கப்பட்டுள்ளது. ஒரு சொல்லின் பொருள் அது எச்சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதிலும் தங்கியுள்ளது என்னும் அவரது கருத்து, கணினி கொண்டு பெருந்தொகையான பனுவல்களை ஆராயும் காலத்திலே புத்துயிர் பெற்றது. 1987 இல் சின்கிளேயரின் வழிகாட்டலில் வெளிவந்த கோபில்ட் அகராதி அதன் கனிகளுள் ஒன்று.

பிராக் நகர மொழியியலாளரைப் பற்றியும் சுருங்கக் கூறுதல் வேண்டும். மதேசியுஸ் தலைமையில் 1926 ஒக்ரோபரில் கூடத்தொடங்கிய அக்குழுவினர், 1929 இல் வெளியிட்ட கொள்கை விளக்கத்திலே மொழியை நோக்கம் நிறைவேற்றும் வழிமுறைகளின் அமைப்பாக வரையறுத்தனர். வாக்கியத்தில் எது அறிந்த செய்தி, எது புதிய செய்தி என்பதற்கேற்பச் சொல்லொழுங்கு அமைவதை மதேசியுஸ் செக் மொழியைக் கொண்டு விளக்கினார். அமைப்பும் பயனும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை நடைமுறையிற் காட்டியோர் இவர்களே.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1957 இலும் 1965 இலும் வெளிவந்த சொம்ஸ்கியின் நூல்கள் இலக்கண ஆராய்ச்சிக்கு முன்னொருபோதும் இல்லாத துல்லியத்தை அளித்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1965 ஆம் ஆண்டு நூலின் தொடக்கத்தில் அவர் தமது ஆய்வுப் பொருளை வரையறுத்த முறை நூற்றாண்டின் எஞ்சிய பகுதிக்கான சர்ச்சையைத் தொடக்கிவைத்தது. முற்றிலும் ஒருசீரான சமுதாயத்தில் வாழ்ந்து, மொழியைக் குறைவறக் கற்று, மறதியாலோ கவனச் சிதறலாலோ பாதிக்கப்படாத இலட்சியப் பேச்சாளனே அவரது ஆய்வுப் பொருள். அத்தகைய சமுதாயம் எங்கும் இல்லை என்பதைச் சொம்ஸ்கி நன்கறிவார். அது ஆய்வு வசதிக்கான எடுகோள். எனினும் எடுகோளாகத் தொடங்கியது நாளடைவில் எல்லையாயிற்று. எல்லைக்கு வெளியே விடப்பட்டவை மொழியறிவு அல்ல, மொழிச் செயல் மாத்திரமே எனத் தள்ளப்பட்டன. நியூயோர்க் நகரத்துப் பேச்சை ஆராய்ந்து 1966 இல் நூல் வெளியிட்ட லபோவ், வேறுபாடுகளே ஒழுங்குடையன என்று காட்டினார். இலக்கணப் பிழையற்ற வாக்கியங்களை ஆக்கத் தெரிந்தும் எப்போது பேசுவது, எப்போது பேசாதிருப்பது என்று அறியாத ஒருவனை மொழி தெரிந்தவன் எனக் கூறலாமா என்று கேட்டு, தொடர்பாடல் திறன் என்னும் கருத்தை ஹைம்ஸ் முன்வைத்தார். ஆயின் இவ்விருவரும் இலக்கணத்தின் மையத்தை மாற்ற முயலவில்லை. அதற்கு அயலிலே வேறொரு வீட்டைக் கட்டினர்.

மையத்தையே மாற்ற முனைந்தவர் ஹலிடே. பேர்த்தின் மாணாக்கரான இவர் 1925 இற் பிறந்து, 1947 முதற் சில ஆண்டுகள் சீனாவிற் கற்று, சீன மொழி நூலொன்றை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். பிரித்தானியப் பொதுவுடைமைக் கட்சியைச் சார்ந்த மொழியியற் குழுவில் இளமையிலே பங்குபற்றியவர். ஒடுக்கப்பட்ட மக்களின் மொழிகளையும் வழக்குகளையும் தாழ்வாகக் கருதாத மொழியியலொன்று வேண்டும் என்னும் எண்ணம் அக்குழுவிலேயே தமக்கு வாய்த்தது எனப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்ததுண்டு. 1976 இல் சிட்னிக்குச் சென்ற அவர் 2018 இல் மறைந்தார்.

ஹலிடேயின் அடிப்படைக் கருத்து எளிமையானது. மொழி இன்ன வடிவில் இருப்பதற்குக் காரணம் மனிதர் அதைக் கொண்டு செய்யும் காரியங்களே. அக்காரியங்களை அவர் மூன்றாகத் தொகுத்தார். உலக அனுபவத்தை உருப்படுத்துவது ஒன்று. பிறரோடு உறவாடுவது மற்றொன்று. இவையிரண்டையும் தொடர்ச்சியான பனுவலாக இணைப்பது மூன்றாவது. ஒவ்வொரு வாக்கியமும் இம்மூன்றையும் ஒருங்கே செய்கிறது. கணவாய் வழியே செல்லும் ஒற்றையடிப் பாதையன்று இலக்கணம். ஒவ்வொரு சந்தியிலும் தெரிவுகளைத் தரும் வலைப்பின்னல் என்பது அவர் கொள்கை. ஆகவே பேசுவோன் எதைத் தெரிந்தான் என்று கேட்பதோடு, தெரிந்திருக்கக்கூடிய எதை விடுத்தான் என்றும் கேட்க வேண்டியதாயிற்று.

இவ்விரண்டாவது வினாவின் ஆற்றலை உணர்த்தும் ஆய்வு 1971 இல் வெளிவந்தது. வில்லியம் கோல்டிங் எழுதிய தி இன்ஹெரிட்டர்ஸ் என்னும் நாவல், நெயாந்தர்தால் மனிதர் புதிய மனிதரால் அழிக்கப்படுவதைக் கூறுவது. நாவலின் பெரும்பகுதி லொக் என்னும் நெயாந்தர்தால் மனிதனின் பார்வையிலே நகர்கிறது. அப்பகுதியில் மனிதர் பொருள்கள்மீது செயலாற்றும் வாக்கியங்கள் மிகக் குறைவு என்பதை ஹலிடே வாக்கியம் வாக்கியமாக எண்ணிக் காட்டினார். ஒருவன் வில்லை வளைத்துத் தன்மீது அம்பெய்கிறான் என்பதை லொக் அறியமாட்டான். ஒரு கம்பு குறுகுவதையும் பின் நீளுவதையும் மாத்திரம் காண்கிறான். செய்வோனும் செயப்படுபொருளும் இணையாத இலக்கணம், காரண காரியத் தொடர்பைக் கைப்பற்ற இயலாத ஓர் உலகநோக்கின் வடிவமாகிறது. கடைசிப் பகுதியிற் புதிய மனிதரின் பார்வைக்கு நாவல் மாறும்போது செயப்படுபொருள் குன்றா வினைகள் பெருகுகின்றன. இலக்கிய விமர்சனமும் இலக்கண ஆராய்ச்சியும் இவ்வளவு பயனுடன் சந்தித்த இடங்கள் குறைவு என்றே நாம் கருதுகிறோம்.

இம்முறையைச் செய்தித்தாள்களுக்கும் கையாண்டோர் உளர். பவுலர், ஹொட்ஜ், கிரெஸ், ட்ரூ ஆகியோர் 1979 இல் வெளியிட்ட மொழியும் கட்டுப்பாடும் பற்றிய நூலில், அக்காலத்து ரொடீசியாவிலே 1975 இல் ஆபிரிக்கர் மீது பொலிசார் நடத்திய துப்பாக்கிச் சூட்டை இலண்டன் பத்திரிகைகள் வெளியிட்ட முறையை ட்ரூ ஆராய்ந்தார். முதல் நாள் தலைப்பிலே இறந்தோர் கலகக்காரராகி எழுவாயிடத்தில் நின்றனர். சுட்ட பொலிசார் செயப்பாட்டு வினையின் பின்னே பின்தள்ளப்பட்டனர். அடுத்த நாள் பொலிசாரே மறைந்தனர். கலகங்களும் அவற்றில் நேர்ந்த இறப்புகளும் மாத்திரம் எஞ்சின. செயப்பாட்டு வினை குற்றமுடையதன்று. அதனைத் தெரிவோர் யார், எப்போது தெரிகின்றனர் என்பதே கேள்வி. நமது செய்தித்தாள்களைப் படிப்போருக்கு இதற்கு மேலும் உதாரணம் வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1970 களின் பின்னர் வேறு வகைச் செயற்பாட்டியல் வளர்ந்தது. கிவொன், ஹொப்பர், சண்ட்ரா தொம்சன், டு புவா முதலியோர் உலகின் பல மொழிகளிலே நிகழும் கதைகூறலையும் உரையாடலையும் பதிவுசெய்து ஆராய்ந்தனர். பேச்சாளர் அடிக்கடி செய்வதையே இலக்கணம் செம்மையாகக் குறியீடாக்குகிறது என்பது டு புவா 1985 இல் எய்திய முடிபு. ஹொப்பர் 1987 இல் இன்னும் ஒருபடி மேலே சென்று, இலக்கணம் என்று முடிந்த ஒரு பொருளே இல்லை, எப்போதும் உருவாகிக்கொண்டிருக்கும் போக்கொன்றே உண்டு என்றார். இது மிகைக் கூற்று. ஒரு மொழியைக் கற்கும் அயலான் எதிர்கொள்ளும் உறுதியை அது விளக்காது. எனினும் இலக்கணமாதல் என்று மெய்யே 1912 இற் பெயரிட்ட நிகழ்வு, இவர்களது கையிலே மொழியியலின் நடுவிடத்துக்கு வந்தது.

தமிழ் வரலாறு இந்நிகழ்வுக்குச் சான்றுகள் நிறைந்தது. தொல்காப்பியர் மூன்று காலங்களை ஏற்றுக்கொண்டார். ஆயினும் நிகழ்காலத்துக்கென இடைநிலைகளை எடுத்தோதினாரில்லை. பவணந்தியார் பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் நன்னூலை இயற்றியபோது ஆநின்று, கின்று, கிறு என மூன்றைக் காட்ட வேண்டியதாயிற்று. அவற்றுள் ஆநின்று என்பதில் நில் என்னும் வினை வெளிப்படையாகவே நிற்கிறது. நிற்றல் என்னும் உடற்செயலைக் குறித்த சொல், ஒரு செயல் நடந்துகொண்டு நிற்பதைக் குறித்து, ஈற்றிலே காலங்காட்டும் உறுப்பாகத் தேய்ந்தது. காலம் மாறச் சில வடிவங்கள் மறைந்து வேறு சில தோன்றுதல் குற்றமன்று என்று பவணந்தியாரே நூலின் இறுதியில் ஏற்றுக்கொண்டமை அவருடைய நேர்மைக்குச் சான்று.

'இருந்து' என்பதன் வரலாறு இதனினும் தெளிவானது. 'யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தான்' என்பதற்கு, அங்கே தங்கியிருந்து பின்னர் வந்தான் என நேர்ப்பொருள் கொள்ளலாம். 'மரத்திலிருந்து பழம் விழுந்தது' என்பதிலும் பழம் மரத்தில் இருந்தது உண்மையே. இத்தகைய இரண்டு வழியிலும் பொருள்கொள்ளக்கூடிய தொடர்கள் மிகுதியாக வழங்கியமையாலேதான், கேட்போர் 'இருந்து' என்பதை நீங்கற் பொருளின் உருபாகக் கொள்ளத் தலைப்பட்டனர். பின்னர் 'அன்றிலிருந்து' என்று கூறுவது இயல்பாயிற்று. அங்கே இருப்பவர் எவருமிலர். அவ்வாறே 'என்று' என்பதும் சொல்லுதல் என்னும் பொருளை இழந்து, நினைத்தற்கும் அஞ்சுதற்கும் இணைப்பாகி, 'திடீரென்று' என்பதில் முற்றிலும் ஊமையாயிற்று. எந்த அரசனும் புலவனும் இம்மாற்றங்களைச் சட்டமாக்கவில்லை. பெயர் தெரியாத கோடிக்கணக்கான பேச்சாளர், ஒருவர் பேச்சை ஒருவர் சற்றே வேறாக விளங்கிக்கொண்டமையின் திரட்சியே அவை.

செயற்பாட்டியலார் இலக்கணம் எதற்கு என்று கேட்டனர். இலக்கணம் எவற்றால் ஆயது என்று கேட்டோர் கட்டமைப்பு இலக்கணத்தார். பழைய கொள்கைப்படி மொழியிலே இரண்டு களஞ்சியங்கள் உண்டு. சொற்கள் ஒன்றில்; அவற்றைத் தொடுக்கும் பொதுவிதிகள் மற்றொன்றில். மரபுத்தொடர்கள் சொற்களஞ்சியத்தின் ஓரத்திலே கிடக்கும் விதிவிலக்குகள். 1988 இல் பில்மோர், கே, ஓகொனர் ஆகிய மூவரும் ஆங்கிலத்திலே 'அது ஒருபுறம் இருக்க' என்பதை ஒத்த சிறுதொடர் ஒன்றை மாத்திரம் எடுத்து நீண்ட கட்டுரையொன்றை எழுதினர். அத்தொடருக்குத் தனக்கேயுரிய தொடரியலும் பொருளும் பயன்படுஞ் சூழலும் இருந்தன. ஆயினும் அது உறைந்த தொடரன்று, புதிய சொற்களை ஏற்று எண்ணிறந்த வாக்கியங்களைப் பிறப்பிப்பது. அத்தகையவை மொழியில் ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கானவை எனின், ஓரம் என்று கருதியது ஓரமாகுமா?

தமிழில் ஒன்றை எடுத்து நோக்குவோம். 'வந்ததும் வராததுமாகச் சண்டை பிடித்தான்' என்கிறோம். வந்தது, வராதது என்னும் இரண்டும் முரண்பட்டவை. அவற்றை உம்மையாற் சேர்த்தால் முரண்பாடே பிறக்க வேண்டும். ஆனால் வந்து சேர்ந்த அக்கணத்திலேயே என்பதே பொருள். எதிர்மறை இங்கு எதையும் மறுக்கவில்லை. இப்பொருளை வா என்னும் வினையிலோ, எதிர்மறை இடைநிலையிலோ, உம்மையிலோ தேடிப் பயனில்லை. முழு அமைப்புக்கே அது உரியது. இஃது உறைந்த மரபுத்தொடரும் அன்று. 'விடிந்ததும் விடியாததுமாக', 'உண்டதும் உண்ணாததுமாக', 'சொன்னதும் சொல்லாததுமாக' என வினைகளை மாற்றலாம். மாற்றும்போது உடனடிப் பொருளோடு அரைகுறைப் பொருளும் தோன்றுகிறது. செயல் முற்றுப்பெறாத எல்லையில் நிற்றல் என்னும் ஒரே கருத்தின் இரு முகங்கள் அவை எனலாம். ஆக என்னும் ஈற்றை நீக்கி 'அவன் சொன்னதும் சொல்லாததும் எனக்குத் தெரியும்' என்றால் இப்பொருள் முழுவதும் மறைந்து, சொற்களின் நேர்ப்பொருளே மீள்கிறது. நம் இலக்கண நூல்கள் உம்மையின் பொருள்களை வகுத்திருக்கின்றன. வினையாலணையும் பெயரை விளக்கியிருக்கின்றன. இவ்வமைப்பை விளக்க அவ்விரண்டும் போதா.

அடேல் கோல்ட்பேர்க் 1995 இல் வெளியிட்ட நூல் இதே தருக்கத்தை மிகச் சாதாரண வாக்கியங்களுக்கும் விரித்தது. தும்முதல் என்பது செயப்படுபொருளற்ற வினை. எனினும் ஆங்கிலத்திலே ஒருவன் மேசைமீதிருந்த கடதாசித் துவாலையைத் 'தும்மி வீழ்த்தினான்' என்பதை ஒற்றை வினையாற் கூறலாம். ஒரு பொருளை இடம்பெயரச் செய்தல் என்னும் பொருள் வினையிலன்றி வாக்கியச் சட்டகத்திலே உள்ளது என்பது அவர் வாதம். தமிழில் அச்சட்டகம் இல்லை. தும்மி, வீழ்த்தினான் என இரு வினைகள் நமக்கு வேண்டும். சட்டகங்கள் மொழிக்கு மொழி வேறுபடுவன, ஆகவே பிறப்போடு வருவனவல்ல, கற்கப்படுவன என்னும் முடிபு இதிலிருந்து பெறப்படுகிறது.

கற்பது எவ்வாறு? இவ்விடத்திலேதான் பயன்பாடு மீண்டும் நுழைகிறது. லங்காக்கர் 1987 இல் பயன்பாட்டை அடிப்படையாகக் கொண்ட மாதிரி என்னும் தொடரை ஆண்டார். ஒரு தொடரை மீண்டும் மீண்டும் கேட்பதால் அது உள்ளத்தில் வேரூன்றுகிறது. ஒத்த தொடர்கள் பல சேரும்போது அவற்றின் பொதுவடிவம் அருவமாகப் படிகிறது என்றார். ஜோன் பைபி இதனை எண்ணிக்கையின் துணையோடு நிறுவினார். அவர் இருவகை மிகுதியை வேறுபடுத்தினார். ஒரே வடிவம் மிகுதியாக வழங்கினால் அது தேயும். அதேவேளை ஒழுங்குபடுத்தும் ஒப்புமையை எதிர்த்தும் நிற்கும். ஓர் அமைப்பிலே பல வேறு சொற்கள் வந்தால் அவ்வமைப்பு புதிய சொற்களையும் ஏற்கும். தமிழில் ஒழுங்கற்ற வினைகள் எவை என்று பார்த்தால் வா, தா, போ, சா, காண் என அன்றாடம் வழங்குவனவே முன்னிற்கின்றன. நாள்தோறும் நாவில் இருப்பதால் வந்தான், செத்தான் என்பவற்றை எந்த ஒழுங்கும் அசைக்கவில்லை. மாறாக, புதிதாக வரும் பெயர்ச்சொல் எதுவாயினும் செய் என்பதோடு சேர்ந்து எளிதில் வினையாகிறது.

குழந்தை மொழி பற்றிய ஆய்வு இக்கொள்கைக்கு வலுவூட்டியது. தொமசெலோ 1992 இல் தம் மகளின் இரண்டாம் வயதுப் பேச்சை நாட்குறிப்பாகப் பதிந்து வெளியிட்டார். குழந்தை வினை என்னும் பொதுவகையைக் கொண்டு தொடங்கவில்லை. ஒவ்வொரு வினையும் தனித்தனித் தீவாக இருந்தது. வெட்டு என்பதை ஒரே சட்டகத்தில் மாத்திரம் ஆண்ட குழந்தை, வரை என்பதை அதே காலத்திற் பல சட்டகங்களில் ஆண்டது. தீவுகளுக்கிடையே பாலங்கள் பின்னரே எழுந்தன. 2003 இல் வெளியான மற்றோராய்வு, ஆங்கிலம் பேசும் 12 தாய்மார் தம் குழந்தைகளிடம் கூறியவற்றுள் ஏறத்தாழ அரைவாசிக் கூற்றுகள் 52 தொடர்ச்சட்டகங்களுள் ஒன்றுடன் தொடங்கின எனக் கண்டது. குழந்தை கேட்கும் பேச்சு சிதைந்தது, போதாதது, ஆகவே இலக்கணம் பிறப்பிலேயே அமைந்திருக்க வேண்டும் என்னும் பழைய வாதம் இதனால் முற்றாக வீழ்ந்துவிடவில்லை. ஆயின் அதனை இனி ஆராயாது கூறல் இயலாது.

எதிர்ப்பும் எழாமலில்லை. நியூமெயர் 2003 இல், இலக்கணம் இலக்கணமே, பயன்பாடு பயன்பாடே என்னும் பொருள்படத் தலைப்பிட்டு எழுதிய கட்டுரையில், இலட்சக்கணக்கானோரின் பேச்சைத் திரட்டிப் பெற்ற எண்ணிக்கை எந்தவொரு தனிமனிதனின் உள்ளத்திலுள்ள இலக்கணத்தையும் காட்டாது என்று வாதித்தார். இவ்விமர்சனத்தில் உண்மையுண்டு, ஆனால் அது போதிய ஆழம் செல்லவில்லை என்பது நமது எண்ணம். திரட்டிய பேச்சு யாருடையது என்பதே முதலிற் கேட்க வேண்டியது. கணினி மொழியியலின் முன்னோடியான பிரவுன் தொகுப்பு 1964 இல் வெளிவந்தபோது அதில் ஏறத்தாழ பத்து இலட்சம் சொற்கள் இருந்தன. அவை அனைத்தும் 1961 இல் அமெரிக்காவிலே அச்சேறிய உரைநடையிலிருந்து எடுக்கப்பட்டவை. பேசப்பட்ட சொல் ஒன்றும் அதில் இல்லை. அச்சிற் பதியும் வாய்ப்பு யாருக்கு உண்டோ அவர்களுடைய வழக்கே அங்கு எண்ணப்பட்டது. உயர்ந்தோர் வழக்கு எண்ணிக்கை என்னும் புதிய உடையணிந்து வந்துவிடும் வழி இதுவே. பைபியும் லங்காக்கரும் பயன்பாடு என்று கூறும்போது அதற்குள் அதிகாரம், கல்வி வாய்ப்பு, தொழில் என்பன தென்படுவது அரிது. மிகுதி என்னும் எண் எல்லாவற்றையும் சமனாக்கிவிடுகிறது. ஹலிடே மரபினர் சமூகத்தைக் கண்டனர். உள்ளத்தில் நிகழும் வேரூன்றலைப் பற்றி அவ்வளவாகப் பேசினாரில்லை. இரு போக்குகளும் ஒன்றையொன்று போதியளவு படிக்கவில்லை.

ஈழத்திலே இவ்வினா ஏட்டளவில் நின்றதன்று. 1960 களின் தொடக்கத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில், உழைக்கும் மக்களின் பேச்சுவழக்கைக் கதைகளில் ஆண்ட முற்போக்கு எழுத்தாளர்மீது சுமத்தப்பட்ட குற்றம், அவர்கள் இழிசனர் வழக்கை இலக்கியத்துட் புகுத்தினர் என்பதாகும். கைலாசபதி, சிவத்தம்பி முதலியோர் அதற்கு விடையளித்தனர். அதற்கும் முன்னரே, 1940 இல், பேராசிரியர் கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகங்களை எழுதி நூலாக்கியிருந்தார். சுசீந்திரராசா யாழ்ப்பாணத் தமிழை மொழியியல் முறையில் ஆராய்ந்தார். நுஃமானின் அடிப்படைத் தமிழ் இலக்கணம் 1999 இல் வெளிவந்து, இன்றைய எழுத்துத் தமிழின் நடைமுறையை விதியின் மூலமாகக் கொண்டது. 1960 களின் விவாதத்தை இன்று திரும்பி நோக்கும்போது, அது இலக்கிய உத்தி பற்றியதாகவே நடந்தது என்பது புலனாகிறது. பேச்சுவழக்குக்கு இடமளிக்க வேண்டும் என்று வாதித்தோரும், அதற்குத் தனக்கேயுரிய இலக்கணம் உண்டு, அது பிழைகளின் கூட்டமன்று என்பதை மொழியியல் முறையில் நிறுவும் பணியை விவாதத்தின் பகுதியாக்கவில்லை.

அப்பணிக்கு வேண்டியவை அரிய கருவிகள் அல்ல. கடற்றொழிலாளர், மலையகத் தோட்டங்களில் வேலை செய்வோர், மட்டக்களப்பு வயல்வெளியினர், கிழக்கிலும் மேற்கிலும் வாழும் முஸ்லிம்கள் ஆகியோர் தம்முள் இயல்பாக உரையாடுவதைப் பதிவுசெய்து, இடம், தொழில், வயது, கேட்போர் யார் என்பவற்றையும் உடன் குறித்து, சொல்லுக்குச் சொல் எழுத்திலாக்க வேண்டும். 'வந்ததும் வராததுமாக' போன்ற ஓரமைப்பு எவ்வெவ் வினைகளை எங்கே ஏற்கிறது, எங்கே ஏற்கவில்லை என்பதை அத்தகைய பதிவுகளிலிருந்தே கூறமுடியும். நமது செவியை மாத்திரம் நம்பிக் கூறமுடியாது. நாற்பதாண்டுகளுக்கு முன்னர் பேசியோர் பலர் இன்றில்லை. போரினால் ஊர்கள் கலைந்து, வெவ்வேறு வழக்கினர் ஒரே முகாமிலும் ஒரே தெருவிலும் வாழ நேர்ந்ததால் பிறந்த கலப்பு வழக்குகள் இப்போது மூன்றாம் தலைமுறையின் நாவில் உள்ளன.